பாதை பிரியுமிடத்தில் ஓர் ஆவாரங்கொத்து

“இந்தக் கல்லப் பாக்கறதுக்கு எவன்டி வருவான், வேல வெட்டி இல்லாம?” என்று அஞ்சலை அக்கா என்னிடம் கேட்டபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையின் உச்சியில் இருக்கும் சுனையோரம் மண்டியிட்டு, தண்ணீரில் தெரிந்த மேகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று, ஆடுகள் சுனைக்குள் கால் வைத்துவிடாமல் கழியால் தரையைத் தட்டி விலக்கிக்கொண்டிருந்தாள். “வருவாங்க, பாரு” என்றேன். அவள் சிரித்துவிட்டு ஒரு குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வந்தார்கள். ஆறு வருடம் கழித்து, உலகத்தின் இன்னொரு மூலையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் இப்போது இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு சின்ன ஊர். பால்பவுடர் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இங்கே வந்த முதல் வாரத்தில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கும் ஒரு வெள்ளைப் பலகை. அதில் நான்கு கட்டங்கள்: பெயர், எந்த மலை, எந்த வழி, திரும்பும் நாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பலகை நிறைந்துவிடும். திங்கட்கிழமை காலை வந்ததும் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே துணியால் துடைக்க வேண்டும். அடுத்தவர் பெயரை யாரும் துடைக்கக் கூடாது. பத்து மணிக்கு ஒரு பெயர் மிச்சமிருந்தால் மேலாளர் போனைக் கையில் எடுத்துவிடுவார். அலுவலகத்தில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைத்தான் எழுதி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மலைக்குப் போனவர்களின் பெயரை எழுதி வைக்கும் அலுவலகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

பெயரைத் துடைத்த பிறகு காயங்களைக் காட்டுவார்கள். முட்டியில் சிராய்ப்பு, நகம் கறுத்த கால்விரல், முள் கிழித்த புறங்கை. குழந்தைகள் புதுச் சட்டையைக் காட்டுகிற மாதிரி காட்டுவார்கள். எங்கள் வீட்டில் மலையில் பட்ட காயத்தை மறைப்பார்கள். அக்கா கணுக்காலில் கிழிந்து வந்தால் புடவையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொள்வாள். அம்மா பார்த்துவிட்டால், “கண்ண எங்க வெச்சிக்கினு நடந்த?” என்று திட்டிக்கொண்டே மஞ்சள் குழைத்துப் போடுவாள். ஆடு மேய்க்கிறவளுக்குக் காயம் என்பது கவனக்குறைவு. இங்கே அது அனுபவம். ஒரே கல், ஒரே முள், ஒரே ரத்தம். முதல் திங்கட்கிழமை அவர்கள் நடுவில் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது, அக்காவின் கணுக்கால்தான் என் கண்ணுக்குள் இருந்தது.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து வல்லம் பக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கத்து மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்து போனதுபோல இருக்கும். எங்கள் மலைக்குப் பெயர் கிடையாது. “மலைக்குப் போறேன்” என்றால் எல்லோருக்கும் புரியும். அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் சுனைக்கு, வலது பக்கம் சீத்தாமரச் சரிவுக்கு. பிரிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பதினைந்து இருபது கல் கிடக்கும். மேலே போகிறவர்கள் ஒரு தழையை ஒடித்து, தாம் போகிற பக்கம் நுனி இருக்கும்படி ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டுப் போவார்கள். இறங்கும்போது அவரவர் தழையை அவரவர் எடுத்து எறிந்துவிட வேண்டும். கடைசியாக இறங்குகிறவர் கல்லைப் பார்ப்பார். தழை மிச்சமிருந்தால் ஆள் மேலே இருக்கிறது என்று அர்த்தம். குரல் கொடுப்பார்கள், பதில் இல்லையென்றால் நாலு பேராகத் திரும்ப ஏறுவார்கள். யாருடைய தழை என்பதிலும் குழப்பம் வராது. பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை நொச்சி வைப்பாள். அக்கா ஆவாரை, அதையும் பூவோடு ஒடித்து, வளையல் மாதிரி முறுக்கி வைப்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொம்புத் தண்ணீரைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி, “தழ எடுத்துட்டியா?”

நான் ஒரு நாளும் தழை வைத்ததில்லை. எனக்கு அந்த வேலை வரவே இல்லை. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். நான் பிறந்த வருடத்தில்தான் அவள் கையில் ஆட்டுக்கழியைக் கொடுத்தார்கள். என்னை மலைக்கு அனுப்பலாமா என்று அப்பா ஒருமுறை ஆரம்பித்தபோது, “பாப்பா படிக்குதுப்பா, அத வுடு” என்று அவள்தான் முடித்து வைத்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பன்னிரண்டாவது, பட்டம், மேல்பட்டம், வெளிநாடு எல்லாவற்றிலும் நான்தான் முதல். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இன்றும் இல்லை. ஆனால் என் முதல் என்பதன் கீழே யாருடைய முதுகு இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிற பழக்கமும் எனக்கு இருந்தது.

திண்டிவனத்தில் கல்லூரி, விடுதி. என் அறைத்தோழி ஷமீமா கோட்டக்குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா குவைத்திலிருந்து அனுப்பிய போன்தான் எங்கள் அறையிலேயே பெரியது. ஒருநாள் எல்லோரும் அவரவர் ஊரை அந்தப் போனின் வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தோம். அவளுடைய தெரு வந்தது, பள்ளிவாசல் வந்தது, கடலை ஒட்டிய கறிக்கடைகூட வந்தது. என் ஊரைத் தேடினால் வெறும் பச்சை. “ஏய், உங்க ஊரு மேப்லயே இல்லடி. நீ நெஜமாவே எங்கேர்ந்துதான் வர்ற?” என்று அவள் கேட்க, அறை முழுக்கச் சிரிப்பு. அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கு உறைத்தது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் அக்காவோடு மலைக்கு ஏறினேன். எடுத்த படங்களில் நல்லதாக ஆறு தேர்ந்தெடுத்தேன். வரைபடத்தில் சுனை இருக்கும் இடத்தைத் தொட்டு, ஒரு குறி வைத்தேன். பெயர் என்ன என்று கேட்டது. பெயர் இல்லாமல் ஏற்றுக்கொள்ளாதாம். கொஞ்சம் யோசித்து ‘மிரர் ராக்’ என்று தட்டினேன். வானம் தெரிகிற கண்ணாடிப் பாறை. ஆங்கிலத்தில் வைத்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ‘சென்னையிலிருந்து மூன்றே மணி நேரம், கூட்டமே கிடையாது, இயற்கையான நீச்சல் குளம்’ என்றும் எழுதினேன். அது குளம் அல்ல, ஆட்டுக்காரர்கள் குடிக்கிற தண்ணீர். அதில் யாரும் கால்கூட நனைப்பதில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதினேன்.

முதல் வாரம் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். மாதக் கடைசியில் நூறு. ஷமீமாவிடம் காட்டினேன். “பரவால்லயே, டூரிஸ்ட் ஸ்பாட்டு ஆக்கிட்ட போல” என்று தோளில் தட்டினாள். அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் பல் துலக்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமானது. நியூசிலாந்துக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ச் செய்தியைப் பார்ப்பார்கள். நான் என் குறியைப் பார்ப்பேன்.

இங்கே என்னை மலைக்கு இழுத்துப் போனவள் ஹேலி. என் மேசைக்கு எதிர் மேசை, என் வயது. நடந்து மலையேறுவதை இவர்கள் ‘ட்ராம்பிங்’ என்கிறார்கள். “உன் ஊரில் மலை உண்டா?” என்று கேட்டாள். “உண்டு. என் அக்கா தினமும் ஏறுவாள்” என்றேன். “தினமுமா!” ஹேலியின் கண் விரிந்தது. “என்ன ஒரு ஆர்வம்! எந்த மாதிரி பூட்ஸ் போடுவாள்?” வார் அறுந்த ரப்பர் செருப்பில் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு போவாள் என்று சொல்லியிருக்கலாம். “லேசானது” என்றேன். மறுநாள் கூடம் முழுக்க என் அக்கா ஒரு பெரிய மலையேறி என்று செய்தி பரவிவிட்டது. “உன் அக்காவுக்குப் பிடித்த ஏற்றம் எது?” என்று மேலாளரே கேட்டார். “இடது பக்கத்துப் பாதை” என்றேன். அது பொய் இல்லை என்பதுதான் எனக்கு அன்று இருந்த ஒரே ஆறுதல்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலை எனக்குப் பிடித்துப்போனது. முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, தொடை நடுங்கி, ஹேலியைச் சபித்துக்கொண்டே போனேன். பீச் என்கிற உயர்ந்த காட்டுமரங்கள் முடிந்து புல்வெளி திறந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே ஆறு நூலாகக் கிடந்தது. பக்கத்துப் பாறையில் கீயா என்கிற பச்சைக் கிளி வந்து உட்கார்ந்து என் பையின் பக்கிளைக் கடித்து இழுத்தது. நான் சத்தம் போட்டு விரட்ட, அது தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. அக்காவின் கிடா ஆடு அப்படித்தான் பார்க்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்தைத் தவிர வேறெதற்கும் என் உடம்பு லாயக்கு இல்லை என்று இருபத்திரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஈரப் பாறையில் எந்த இடத்தில் கால் வைக்கலாம், எந்த மேகம் மழை, எது வெறும் மேகம் என்பதெல்லாம் மெல்ல மெல்லப் படிந்தது. கூடவே, இவை எல்லாம் அக்காவுக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும் என்பதும் உறைத்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, “ரெண்டு நாழில எறக்கும், ஜல்தியா கெளம்பு” என்று சொல்லும்போது நான் அதைப் படிக்காதவள் பேச்சாக எடுத்துக்கொண்டிருந்தேன். பாறையை விட்டு இறங்க அவளுக்கு மனமே வராது. அது சோம்பல் என்று அம்மா திட்டுவாள், நானும் சேர்ந்துகொள்வேன். அவள் மலையை நேசித்தாள் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. ஆடு மேய்க்கிறவளுக்கு நேசம் இருக்கும் என்று யார் யோசிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவோடு வீடியோவில் பேசுவேன். நான் வாங்கிக் கொடுத்த டச் போனை அவள் மலைக்கு எடுத்துப் போவதில்லை. உடைந்துவிடும் என்று பீரோவில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு உற்சாகமாகச் சொன்னாள்: “பாப்பா, நம்ம மலைக்கி ஜனம் வந்துக்கினு கீதுடி. பைக்கு மேல பைக்கு. கண்ணாடி போட்டுக்கினு, தொப்பி போட்டுக்கினு. ஒருத்தி என்னாண்ட வந்து ஆட்டோட போட்டோ புடிச்சிக்கலாமான்னு கேக்கறா.” எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே. நான் சொன்னது நடந்துவிட்டது என்கிற சந்தோஷம்.

சில மாதங்களில் அவள் குரல் மாறியது. “பேஜாரா பூட்ச்சி பாப்பா. சுனையில கால வுட்டுக்கினு ஒக்காந்துக்கினு கீறானுங்க. ஒருத்தன் சோப்பு போட்டுக் குளிக்கிறான். பாட்டிலு ஒடச்சிப் போட்டு, செவல ஆட்டுக்குக் காலு கிழிஞ்சிப் போச்சி. கேட்டா, இன்னாக்கா இது ஒங்க பாத்ரூமான்றான்.” பிறகு, “மலைக்கி மிரராக்குன்னு பேராம். பஞ்சாயத்துல போர்டே வெச்சிட்டாங்க, ரோட்டாண்ட. எவனோ போன்ல போட்டு வுட்டுட்டானாம்.”

நான் வைத்த பெயரை முதன்முதலாக அவள் வாயிலிருந்து கேட்டேன். “யாருக்கா போட்டது?” என்று கேட்டேன். நானே கேட்டேன்.

“எவனோ மெட்ராஸ்காரன்” என்றாள்.

“ஆமாம், இருக்கும்” என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நான் இன்றுவரை ஒரு சாக்குக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை அக்கா சொல்லி, அம்மா சொல்லி, முனியம்மா அத்தை போனைப் பிடுங்கிச் சொல்லி, மூன்று தடவை கேட்டிருக்கிறேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டாச்சிபுரத்தில் எங்கள் சித்தி மகளுக்கு மறுநாள் மஞ்சள் நீராட்டு. மாலையில் ஆடுகளை இறக்கி வீட்டுப் பாதையில் ஓட்டிவிட்டு, அடிவாரத்திலிருந்தே பஸ் பிடித்துக் கண்டாச்சிபுரம் போய்விடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டு ஏறியிருக்கிறாள். ஆவாரை ஒடித்து வளைத்து, இடது பக்கம் நுனி வைத்து, கல்லின் கீழ் செருகியிருக்கிறாள். மத்தியானத்துக்கு மேல், சுனைக்குப் பின்னால் ஒரு பாறை இடுக்கில் குட்டி சிக்கிக்கொள்ள, அதை எடுக்க இறங்கியவள் சறுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆடுகள் பழகிய நேரத்துக்குத் தாமாக இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டன. அன்று மலைக்கு ஏறாமல், விறகு பொறுக்கிக்கொண்டு அந்த வழியாகக் கடைசியாக வந்த முனியம்மா அத்தை பாதை பிரியும் இடத்தில் அரையிருட்டில் பார்த்தாள். ஆவாரை இல்லை. ஒரு கல்கூட அதனதன் இடத்தில் இல்லை. வந்தவர்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக இடுப்பு உயரத்துக்குக் கோபுரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தழை இல்லையென்றால் ஆள் இறங்கிவிட்டாள். அக்கா கண்டாச்சிபுரம் போய்விட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை முனியம்மா அத்தை ஆடு ஓட்டிக்கொண்டு ஏறியபோதுதான் முனகல் கேட்டிருக்கிறது.

“தழைய ஆடு எதனா தின்னுருக்கும்” என்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சிரித்தாள். “நம்ம ஆடே நமக்கு ஆப்பு வெச்சிடுச்சி பாரு.” ஆவாரையை ஆடு கடிக்காது. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, வழக்கம்போலக் காலையில் என் குறியைத் திறந்தேன். புதிதாக ஒரு படம். ஐந்து நட்சத்திரம், ‘மனசுக்கு அமைதி’ என்று ஒரு வரி. படத்தில் அந்தக் கல் கோபுரம். உச்சியில் தட்டையாக ஒரு வெள்ளைக் கல். அடியில், காலால் ஒதுக்கித் தள்ளியதுபோல, ஓர் ஆவாரங்கொத்து கிடந்தது. வளையலாக முறுக்கிய கொத்து. பூ இன்னும் வாடவில்லை. படம் எடுத்த தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அன்றே குறியை நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. நீக்கினால் நான்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: அதற்குள் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் பல ஆயிரம். நான் உண்டாக்கிய ஒன்றை அத்தனை பேர் பார்த்ததில்லை.

அக்காவின் கால் சேர்ந்தது, ஆனால் நேராகச் சேரவில்லை. சமதரையில் நடப்பாள். மலை ஏற முடியாது. பாதி ஆடுகளை விற்றுவிட்டார்கள். மீதியை முனியம்மா அத்தை தன் ஆடுகளோடு ஓட்டிப் போகிறாள். அக்கா வீட்டில் உட்கார்ந்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் பின்னால் மலை தெரியும். வேண்டுமென்றே அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவாள். “நீ இந்த வாரம் எங்கடி ஏறுன?” என்று கேட்பாள். நான் படங்களைக் காட்டுவேன். “அந்த எடத்துல கால வெக்காத பாப்பா, அது பாசி, வழுக்கும்” என்று ஏழாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சொல்வாள். அவள் விழுந்த பிறகும் நான் ஏறுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பூட்ஸ் கயிற்றை இறுக்கும்போது, அவளிடமிருந்து எடுத்ததை நான் காலில் மாட்டிக்கொள்கிறேன் என்று தோன்றும். இருந்தும் இறுக்குவேன்.

போன மாதம் ஹேலி என்னை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனாள். ஆற்றை ஒட்டி, பாதையே இல்லாத காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு மடு. நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், அடிக்கல் எண்ணலாம். அவளுடைய அம்மா சின்ன வயதில் நீந்தப் பழகிய இடமாம். நான் போனை எடுத்தேன். “படம் எடு. ஆனால் எங்கே என்று மட்டும் போடாதே, தயவுசெய்து” என்றாள் ஹேலி. எனக்குச் சுருக்கென்றது. “நான் வெளியாள் என்பதாலா?” என்று கேட்டேன். அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. “என் சொந்தத் தம்பியிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். இது தாங்காது, அவ்வளவுதான். இருபது பேர் வந்தால் முடிந்துவிடும்.”

நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊக்குக் குத்திய செருப்பிலிருந்து ஆரம்பித்தேன். முடித்ததும், “சரி, குறியை நீக்கிவிடு. ஒரு நிமிட வேலைதானே?” என்றாள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்கிற முகம். அவள் கண் முன்னாலேயே, சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று நீக்கினேன். மறுபடி தேடினேன். அதே இடத்தில், அதே பெயரில், வேறு யார் யாரோ வைத்த நான்கு குறிகள் இருந்தன. ரோட்டோரத்தில் போர்டு இருக்கிறது. நான் வைத்த பெயர் என்னை விட்டுப் போய் வெகுநாள் ஆகிவிட்டது.

“உன் அக்காவுக்குத் தெரியுமா?” என்றாள் ஹேலி.

“தெரியாது.”

அவள் கார் இருக்கும் பக்கம் நடந்தாள். நான் அந்த மேட்டிலேயே நின்றேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, குரலில்தான் அனுப்ப வேண்டும். ஆறு தடவை பேசி ஆறு தடவை அழித்தேன். ஒவ்வொன்றிலும் படிப்பு, வயது, தெரியாமல் செய்தது என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவது தடவை, “அக்கா, அந்த மெட்ராஸ்காரன் நாந்தான்க்கா. மேப்புல போட்டது நான், பேரு வெச்சது நான். ஒன் தழைய ஆடு திங்கல. கல்ல எடுத்து அடுக்குனவங்க தள்ளி வுட்டுட்டாங்க, அந்தப் போட்டோவ நான் பாத்தேன். பாத்துட்டு மூணு மாசமா சொல்லாம இருந்துட்டேன்” என்று மட்டும் சொல்லி, திரும்பக் கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. கேட்டுவிட்டாள் என்பது மட்டும் போனில் நீல டிக் விழுந்ததில் தெரிந்தது. ஞாயிறு வந்தது, அழைத்தேன், அம்மாதான் எடுத்தாள். “அவ தூங்கறா” என்றாள். அக்கா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அக்காவின் குரல். பின்னால் ஆடு கத்தியது.

“கேட்டேன். இது போன்ல சொல்ற விசயமாடி? வந்து மூஞ்சப் பாத்து சொல்லு. அந்தக் கல்லு இருக்குதே, அடுக்கி வெச்சது, அத வர்றவன் போறவன்லாம் ஏத்தி ஏத்தி ஆள் ஒசரம் ஆக்கிட்டானுங்க. முனியம்மா அத்த வேற அதுக்கு மஞ்சா குங்குமம் வெச்சிட்டா. சாமின்னு பூந்துட்டா இனி எவனும் கை வெக்க மாட்டான். தழ வெக்க ஒரு கல்லு இல்ல அங்க. நீ ஆரம்பிச்சது தானே, நீயே வந்து பிரி. திட்றவங்க ஒன்ன திட்டட்டும்.” பிறகு, “நானும் அடிவாரம் வரைக்கும் வர்றேன். ஒனுக்கு எந்தக் கல்லு எங்க இருந்துச்சின்னு தெரியாது.”

அது மன்னிப்பு இல்லை. அவள் குரலில் அதைத் தேடித் தேடி இருபது தடவை கேட்டுவிட்டேன், இல்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியே போனவர்கள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று நீங்கள் குறைப்படுவீர்கள். சில பேர் மறக்காமல் இருப்பதாலும் ஊருக்குக் கேடு வரும். என்னைப்போல் வெளியே வந்தவர்களே, உங்கள் ஊரின் சுனையை, மடுவை, மரத்தை உலகத்துக்குக் காட்டத் துடிக்கும்போது, அதன் கரையில் நிற்கிறவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். என் அக்கா அன்றைக்குக் கேட்டதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டேன். எவன் வருவான் என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி. அவள் கேட்டாள், நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் விடுப்புக் கிடைத்தது. பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பையில் வைத்தேன். நேற்று வெள்ளிக்கிழமை மத்தியானம், கூடத்தில் எல்லோரும் எழுதி முடித்த பிறகு, பலகை முன்னால் போய் நின்றேன். பெயர் எழுதினேன். எந்த மலை என்கிற கட்டத்தில், ‘மலை’ என்று தமிழில் எழுதினேன். எந்த வழி: இடது பக்கம், அடிவாரம் வரை. நான்காவது கட்டத்தில் கை நின்றுவிட்டது. திரும்பும் நாள். ஊருக்குப் போவதைத்தான் நான் மூன்று வருடமாகத் திரும்புவது என்று சொல்லி வந்திருக்கிறேன். அங்கே இறங்கிய மறுநாள் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்பாள், எப்போது திரும்பிப் போகிறாய் என்று.

ஹேலி பின்னால் வந்து நின்றாள். “இது என்ன எழுத்து?”

“மலை என்று எழுதியிருக்கிறேன்.”

“எந்த மலை?”

“வெறும் மலைதான். அதற்குப் பெயர் கிடையாது.”

அவள் தலையாட்டினாள். பிறகு காலிக் கட்டத்தை விரலால் தட்டி, “இதை விடக் கூடாது. எப்போது தேட ஆரம்பிப்பது என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. தேதியை எழுதினேன்.

இதைக் கிறைஸ்ட்சர்ச் போகும் பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் விமான நிலையம். நாளை மறுநாள், அடிவாரத்தில் கையை வைத்துக் கோபுரத்தைப் பிரிப்பதற்கு முன்னால், ஓர் ஆவாரை ஒடித்து அக்காவிடம் நீட்டி, வளையல் மாதிரி முறுக்குவது எப்படி என்று கேட்கப்போகிறேன். அவள் சொல்லித் தருவாளா, கையைத் தட்டிவிடுவாளா, தெரியவில்லை. சாப்பாட்டு அறைப் பலகையில் என் பெயர் இருக்கிறது. அதை வேறு யாரும் துடைக்க மாட்டார்கள்.